ரைன் நதியில் புண்ணாக்கு: பெரிய கப்பலா, சின்னக் கப்பலா, ரயிலா?

நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கும் சோயா புண்ணாக்கை, ஜெர்மனியில் ரைன் கரையிலுள்ள மன்ஹைம் பக்கத்தில் இருக்கும் எங்கள் தீவன ஆலைக்குக் கொண்டுவரும் ஒப்பந்தத்தை அண்மையில்தான் புதுப்பித்தோம். பெரும்பகுதி சரக்கு சின்னக் கப்பல்களில், கொஞ்சம் ரயிலில் என்று முடிவு. அதில் என் கையும் உண்டு. எனவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

லாரியை ஒரு வரியில் முடித்துவிடலாம். 110 மீட்டர் நீளமுள்ள பெரிய கப்பல் ஒன்றில் வரும் 2,500 டன்னை ஏற்ற 100 லாரி வேண்டும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கனரக லாரிகள் ஓடவும் தடை. அவசரத்துக்கு மட்டும் சரி.

மற்றதையெல்லாம் தீர்மானிப்பது, ராட்டர்டாமுக்கும் மன்ஹைமுக்கும் நடுவே ரைன் கரையில் இருக்கும் கவுப் என்ற சிற்றூரின் நீர்மட்டம். டெல்டா விவசாயி மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்ப்பது போல, நடு ரைனைத் தாண்டிச் சரக்கு அனுப்புகிறவர்கள் தினமும் கவுப் அளவைப் பார்க்கிறார்கள். அந்த எண் ஆற்றின் ஆழம் அல்ல. அங்கே 78 செ.மீ. என்று காட்டினால் கப்பல் போகும் தடத்தில் சுமார் 1.90 மீட்டர் தண்ணீர் இருக்கும். 2018 அக்டோபரில் அது 25 செ.மீ. வரை இறங்கியது. 2022 ஆகஸ்டில் மறுபடியும் 30-ஐ ஒட்டி வந்தது. ஆற்றின் நடுவே உள்ள கோட்டைக்கு மக்கள் நடந்தே போனார்கள். அவர்களுக்குக் கொண்டாட்டம், எங்களுக்குத் திண்டாட்டம்.

சாதாரண நாளில் டன்னுக்கு என்ன கட்டணம் என்று மட்டும் பார்த்தால் 110 மீட்டர் கப்பல்தான் மலிவு, பேச்சே இல்லை. ஆனால் 110 மீட்டர் நீளம், 11.4 மீட்டர் அகலம் என்று கணக்குப் போடுங்கள். நீர் 10 செ.மீ. இறங்கினால் கப்பலும் அத்தனை குறைவாக அமிழ வேண்டும்; அதைத் தாங்கும் தண்ணீரில் 125 கன மீட்டர் போகிறது. முனை வளைவுகளைக் கழித்தாலும் 110 டன் சரக்கைக் குறைத்தாக வேண்டும். ஒரு வாரத்தில் 40 செ.மீ. இறங்குவது கோடையில் அதிசயமில்லை. 85 மீட்டர் நீளமும் 9.5 மீட்டர் அகலமும் உள்ள பழைய ரகக் கப்பலில் அதே 10 செ.மீ.க்குச் சுமார் 70 டன்தான் குறையும். அதோடு வெறும் கப்பலாகவே அது நீரில் குறைவாகத்தான் அமிழும். பெரியது கால் லோடோடு வரும் நாளிலும் சின்னது தன் கொள்ளளவில் அதைவிடக் கூடுதலான பங்கைச் சுமந்து வரும்.

தாழ்நீர்க் காலத்தில் கவுப் அளவு இறங்க இறங்கக் கூடுதல் கட்டணம் படிப்படியாக ஏறும். அதைக் கொடுத்தால் சரக்கு வந்துவிடும் என்று நினைத்தால் அங்கேதான் இடிக்கும். ஒரு நடையில் வந்தது நான்கு நடையில் வர வேண்டும். அந்த மூன்று கூடுதல் கப்பல்களைத்தான் ஆற்றங்கரையிலுள்ள எல்லாரும் அதே வாரத்தில் தேடுகிறார்கள். 2022-இல் இன்னொரு இடி. உக்ரைன் போரால் நிலக்கரிக்குத் திடீர் கிராக்கி. உக்ரைன் தானியத்துக்காக டான்யூப் நதிப் பக்கமும் கப்பல்கள் இழுக்கப்பட்டன. புண்ணாக்கு ஏற்றக் கப்பல் கிடைத்தாலும், முன்பு அதில் என்ன ஏற்றினார்கள், கழுவினார்களா என்று பட்டியல் பார்க்காமல் தீவனத்தைக் கொட்ட முடியாது. அதனால்தான் இந்த முறை ஒப்பந்தத்தை நடைக் கணக்கில் எழுதாமல், கவுப் இத்தனை செ.மீ. என்றால் வாரத்துக்கு இத்தனை டன் என்று எழுதச் சொன்னேன். பெரிய கப்பல்காரர் அதற்கு மசியவில்லை. சின்னக் கப்பல்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

பெரிய கப்பல் என்றாலே ஆகாது என்பதில்லை. 2018 தாழ்நீரில் சுமார் 25 கோடி யூரோ அடி வாங்கிய பிஏஎஸ்எஃப் என்ற ரசாயன நிறுவனம், பிறகு லுட்விக்ஸ்ஹாஃபன் ஆலைக்கென்றே 135 மீட்டர் நீளம், 17.5 மீட்டர் அகலத்தில் ஒரு டேங்கர் கப்பலை வடிவமைக்க வைத்து, 2023-இல் ஓடவிட்டது. அகலம் கூடினால் அதே எடை குறைந்த ஆழத்திலேயே மிதக்கும். ஒரு தீவன ஆலைக்கு அதெல்லாம் எட்டாக்கனி.

சின்னக் கப்பலிலும் குறை உண்டு. நிறைய கப்பல்கள் அறுபது வயதைத் தொடுகின்றன; பல குடும்பத் தொழில்கள், பிள்ளைகள் தொடர்வதில்லை. பத்து வருடம் கழித்தும் இதே முடிவு எடுக்க முடியுமா, சந்தேகம்தான்.

ரயிலில் எங்கள் அனுபவம் குறைவு, அதனால் அடக்கியே சொல்கிறேன். தண்ணீர்க் கவலை இல்லை. ஒரு முழு ரயிலில் 1,500 டன்னுக்கு மேல் வரும். ஆனால் மூடிய வேகன்களை ஆண்டு முழுக்க வாடகைக்குப் பிடித்து வைக்க வேண்டும். தாழ்நீர் வந்தபின் தேடினால் கிடைக்காது. தண்டவாளமும் சும்மா இருப்பதில்லை. 2017-இல் ஜெர்மனியின் ராஸ்டாட் நகரில் சுரங்கப் பணியின்போது தண்டவாளம் உள்வாங்கி, ரைன் பள்ளத்தாக்குப் பாதை ஆகஸ்ட் 12 முதல் அக்டோபர் தொடக்கம் வரை மூடிக் கிடந்தது. 2024-இல் ஃபிராங்க்ஃபர்ட்–மன்ஹைம் பாதையைச் சீரமைப்புக்காக ஐந்து மாதம் மூடினார்கள். இதனால்தான் ரயிலுக்குச் சிறு பங்கு. ஆனால் வருடம் முழுக்க.

நடு ரைன் தடத்தை 1.90-லிருந்து 2.10 மீட்டராக ஆழப்படுத்தும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. அது நடந்தால் பெரிய கப்பலுக்கு ஒரு நடைக்கு 200 டன்னுக்கு மேல் கூடும். அப்போது இந்தக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.