மூண்டு வருசமா ஓர்-சொமர்ஃபெல்ட் கோட் ஒண்டோட குடும்பம் நடத்தின கதை

2022ல, கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் எல்லாம் நிண்ட காலத்தில தான் ஒக்டேவ் எண்ட கணக்கு மென்பொருள்ல இந்தக் கோட்டை, அதாவது ஒரு ஓட்டத்தில வாற சின்னக் குழப்பம் வளருமா அடங்குமா எண்டு சொல்லுற ஓர்-சொமர்ஃபெல்ட் சமன்பாட்டைத் தீர்க்கிற புரோகிராமை, எழுதத் தொடங்கினன், பழைய லப்டொப், பற்றரி ஒண்டரை மணித்தியாலம் தாங்கினா பெரிய காரியம், ஆனா செபிஷேவ் புள்ளி (ஓட்டத்தைக் குறுக்கால வெட்டிக் கணக்குப் பாக்கிற இடங்கள்) 100 போட்டாலும் ஐகன்வலியூ (ஒவ்வொரு குழப்பத்தின்ர வேகத்தையும் வளர்ச்சியையும் சொல்லுற எண்) எல்லாம் கண்ணைச் சிமிட்ட முதல் வந்து விழும்.

சனல் ஃப்ளோவுக்கு (ரெண்டு சுவருக்கு நடுவில ஓடுறது) கோட்டைத் தாராளமா நம்பலாம். ரெனோல்ட்ஸ் எண் (ஓட்டத்தின்ர வேகத்துக்கும் பிசுக்குக்கும் உள்ள விகிதம்) 10000, அல்பா (குழப்ப அலையின்ர அலை எண்) 1 குடுத்தா அலை வேகம் 0.2375, அதின்ர கற்பனைப் பகுதி (பூச்சியத்துக்கு மேல எண்டா குழப்பம் வளரும்) 0.0037, ஓர்சாக் எண்ட கணித ஆய்வாளர் 1971ல குடுத்த அதே விடை. ஒரே தொல்லை, சில நேரம் லிஸ்டில முதலாவதா ஆயிரக்கணக்கில வளர்ச்சி வீதத்தோட ஒரு பேய் நிக்கும், கணக்கு முறையால வாற பொய் மோட் (உண்மையில இல்லாத குழப்ப வடிவம்). புள்ளி எண்ணிக்கையை 80ல இருந்து 90க்கு மாத்திப் பாருங்கோ, பொய் மோட் எண்டா இடம் மாறி ஓடும், உண்மையானது அசையாது.

ஓப்பின் ஃப்ளோவில தான் சீவன் போனது. சுவர் இல்லை, ரெண்டு பக்கமும் முடிவிலி. மிக்ஸிங் லேயருக்கு (வேறவேற வேகத்தில ஓடுற ரெண்டு ஓட்டம் உரசுற இடம், வேகம் டான்ஹெச் வளைவு மாதிரி மாறும்) அல்பா 0.44 கிட்ட வளர்ச்சி 0.19 வரவேணும், மிக்கால்க்க எண்ட ஆய்வாளர் 1964ல போட்ட கணக்கு, எனக்கு மாசக்கணக்கா குறைஞ்சு தான் வந்தது. பாத்தா கணக்குப் போடுற பெட்டியை சின்னனா வெட்டி வச்சிருக்கிறன், மேப்பிங் (முடிவிலி வரை போற தூரத்தை பெட்டிக்குள்ள மடக்கிற மாற்றம்) போட்டாப் பிறகு தான் சரியானது.

ஆனா வளர்ச்சி வீதத்தை மட்டும் வச்சு ஒண்டும் சொல்லேலாது எண்டு எனக்கு உறைச்சது கிண்ணியா பாலத்தில. மருமோன் தூணுக்குப் பின்னால சிரட்டை ஒண்டை எறிஞ்சான். "மாமா, ஏன் இது போகாம அங்கயே சுத்துது?" தண்ணி அவ்விடத்தில திரும்பி வருது, அது தான். குழப்பம் வளர்ந்துகொண்டே கீழ அள்ளுப்பட்டுப் போனா கன்வெக்டிவ், நிண்ட இடத்திலயே வளந்தா அப்சொலூட். ஆய்வாளர்கள் ஹுவேரும் மொன்கெவிட்ஸும் 1985ல காட்டின கணக்குப்படி, மிக்ஸிங் லேயர்ல எதிர் ஓட்டம் முன் ஓட்டத்தின்ர 13.6 வீதம் அளவைத் தாண்டினா அப்சொலூட்.

அதைக் கண்டுபிடிக்க அல்பாவையும் கொம்ப்ளெக்ஸ் எண் ஆக்கி சாடில் பொயின்ட் (அல்பாவின்ர ரெண்டு விடைக் கிளை வந்து முட்டுற புள்ளி) தேடவேணும். நியூட்டன் முறை (விடையைத் திருத்தித் திருத்திக் கிட்டப் போறது) ஏதோ ஒரு சாடில்ல கொண்டுபோய் விட்டிட்டு வெற்றி எண்டு நிக்கும், ரெண்டு கிளையும் அல்பா தளத்தின்ர மேல் பாதியில இருந்து வந்ததா, ஒண்டு மேல ஒண்டு கீழயா எண்டு நீங்கதான் கீறிப் பாக்கோணும். நான் பாக்கேல்ல, ரெண்டு கிழமை வேலை குப்பையில.

இப்ப சிலிண்டர் வேக்ல (உருளைக்குப் பின்னால வாற ஓட்டம்) நிக்கிறன், ரெனோல்ட்ஸ் 47 தாண்ட சுழி தானா கழரத் தொடங்குமே, அது. மேப்பிங் நீளம் இன்னும் சண்டை பிடிக்குது.