மரபான இதழ், கட்டண இதழ், பிரீபிரிண்ட்: ஆய்வுக் கட்டுரைக்கு எங்கே எவ்வளவு காத்திருப்பு?

கிண்டியிலும் தரமணியிலும் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டைத் தொட்டுவிட்ட மாணவர்கள், எழுதி முடித்த கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் கேட்பது, எந்த ஆய்விதழ் சீக்கிரம் பதில் சொல்லும் என்பதையே. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகள், பட்டம் பெறக் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டன. ஆயினும் பல பல்கலைக்கழகங்கள் தத்தம் விதிகளில் அதைத் தக்கவைத்திருக்கின்றன; வேலைக்கான நேர்காணலிலும் கட்டுரைப் பட்டியலைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸ் கொடுக்க வேண்டிய நாளும் உதவித்தொகை நின்றுபோகும் நாளும் நெருங்கும்போது, ஆறு மாதக் காத்திருப்பு என்பது சிறிய செய்தியன்று.

மாணவர்முன் மூன்று வழிகள் உள்ளன: அறிவியல் சங்கங்களும் பெரிய பதிப்பகங்களும் நடத்தும் மரபான இதழ்கள், கட்டுரையாளரிடம் கட்டணம் பெற்று, யாரும் இலவசமாகப் படிக்கும்படி விரைந்து வெளியிடும் திறந்த அணுக்க இதழ்கள், துறை வல்லுநர்களின் மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரையைப் பொதுவில் வைக்கும் பிரீபிரிண்ட் களஞ்சியங்கள்.

ஒப்பிடுவதற்குமுன் அளவுகோலைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இதழ்களின் இணையதளங்கள் ‘முதல் முடிவுக்கு ஆகும் நாட்கள்’ என்று ஓர் எண்ணைப் பெருமையுடன் காட்டுகின்றன. மதிப்பாய்வாளரிடம் போகாமல் ஆசிரியர் மேசையிலேயே டெஸ்க் ரிஜெக்ட் ஆகும் கட்டுரைகளும் அந்த எண்ணில் கலந்திருக்கக்கூடும். பத்துக் கட்டுரைகளில் ஆறை மூன்று நாளில் திருப்பிவிட்டு, மீதி நான்கை ஐந்து மாதம் வைத்திருக்கும் ஓர் இதழைக் கற்பனை செய்தால், அதன் சராசரி ஏறத்தாழ இரண்டு மாதம்; வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை மதிப்போ வெறும் மூன்று நாள். இரண்டுமே பொய்யல்ல, ஆனால் மதிப்பாய்வுக்குப் போன கட்டுரையின் நிலையை இரண்டுமே சொல்வதில்லை. அண்மை இதழிலிருந்து பத்துக் கட்டுரைகளைத் திறந்து, முதல் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் பெற்ற நாள், திருத்திய நாள், ஏற்ற நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வதே நம்பத்தகுந்த வழி. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: பெரிய திருத்தம் கேட்பதற்குப் பதிலாக ‘நிராகரிக்கிறோம், திருத்திப் புதிதாக அனுப்பலாம்’ என்று எழுதும் இதழ்களில் பெற்ற நாள் மறுபடி தொடங்கிவிடுவதால், எட்டு மாதக் கதை மூன்று மாதமாகச் சுருங்கிவிடும்.

மரபான இதழ்களில் துறைக்குத் துறை வேறுபாடு பெரிது. 2013இல் வெளியான பியோர்க், சாலமன் ஆகியோரின் ஆய்வின்படி, கட்டுரை அனுப்பியதிலிருந்து வெளியாகும்வரை வேதியியலில் சுமார் 9 மாதமும் வணிகவியல், பொருளியலில் அதன் இரு மடங்கும் ஆயின. 2016இல் ‘நேச்சர்’ வெளியிட்ட அலசல், உயிரியல், மருத்துவ இதழ்களில் அனுப்பியதிலிருந்து ஏற்பதுவரையிலான இடைநிலைக் காலம் பல பத்தாண்டுகளாக 100 நாளை ஒட்டியே இருந்ததையும், ‘நேச்சர்’ இதழிலேயே அது பத்தாண்டுகளில் 85 நாளிலிருந்து 150 நாளுக்குமேல் போனதையும் காட்டியது. இந்தக் காலத்தில் பெரும்பகுதி யாரும் கட்டுரையைப் படிக்காமலே கழிகிறது. கட்டுரையின் நிலையைக் காட்டும் திரையில் ‘ரிவ்யூவர் இன்வைட்டட்’ (மதிப்பாய்வாளர் அழைக்கப்பட்டார்) என்ற வரி ஆறு வாரம் அசையாமல் நின்றால், ஊதியமில்லாத அந்த வேலைக்கு அழைக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராகக் கைவிரிக்கிறார்கள் என்றே பெரும்பாலும் பொருள். பிறகு பெரிய திருத்தம் கேட்கும் ‘மேஜர் ரிவிஷன்’ முடிவு வந்ததும் கடிகாரம் நம் பக்கம் ஓடத் தொடங்குகிறது. கொடுத்த 60 நாளையும் தாண்டி அவகாசம் கேட்பவர்களே இதழின் தாமதத்தைப் பற்றி அதிகம் குறைபடுகிறார்கள்.

கட்டண இதழ்களின் கணக்கு வேறு. பாசலைத் தலைமையிடமாகக் கொண்ட எம்டிபிஐ பதிப்பகம், முதல் முடிவை மூன்று வாரத்துக்குள்ளும் வெளியீட்டை ஆறு வாரத்தை ஒட்டியும் முடிப்பதாகத் தன் இதழ்களின் பக்கங்களில் அறிவிக்கிறது; மதிப்பாய்வாளருக்கு மிகக் குறுகிய கெடு கொடுப்பதால் இது முடிகிறது. அவ்வளவு குறுகிய கெடுவில் நல்ல மதிப்பாய்வே வராது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விருந்தினர் ஆசிரியர்களின் சிறப்பிதழ்களை அளவின்றிப் பெருக்கும்போது சல்லடையின் கண் பெரிதாகிவிடுகிறது. வைலி நிறுவனம் 2021இல் வாங்கிய ஹிந்தாவியில் இவ்வாறு நுழைந்தவற்றுள் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் 2023இல் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு மார்ச்சில் எம்டிபிஐயின் மிகப் பெரிய இதழ்களுள் ஒன்று, ஏற்கத்தக்க ஆய்விதழ்களைத் தொகுக்கும் வெப் ஆஃப் சயின்ஸ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கட்டுரை ஆறு வாரத்தில் வெளியாகி, தீசிஸ் சமர்ப்பிக்கும் நேரத்தில் அந்த இதழே பட்டியலில் இல்லாமல் போனால், மிச்சப்படுத்திய மாதங்கள் அலுவலகத்துக்கு விளக்கக் கடிதம் எழுதுவதிலேயே கரைந்துவிடும். வேகமும் நிலையானதன்று: 2006இல் தொடங்கிய ‘பிளாஸ் ஒன்’ இதழில் 37 நாளாக இருந்த இடைநிலைக் காலம் பின்னர் 125 நாளானது. அதன் கட்டணம் 2,000 டாலருக்கும் மேல். மாதம் 37,000 ரூபாய் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெறும் மாணவருக்கு இது நான்கு மாத உதவித்தொகையைத் தாண்டிய தொகை. இந்திய அறிவியல் அகாதமியின் ‘பிரமாணா’, ‘சாதனா’ போன்ற இதழ்கள் கட்டுரையாளரிடம் எதுவும் கேட்பதில்லை என்பதை இங்கே பலர் மறந்துவிடுகிறார்கள்.

பிரீபிரிண்ட் இவற்றோடு போட்டியிடும் மாற்று வழி என்பதைவிட, இவற்றின் காத்திருப்பைத் தாங்கவைக்கும் துணை என்பதே என் கருத்து. 1991இல் தொடங்கிய ஆர்க்கைவ் என்ற பிரீபிரிண்ட் தளத்தில் கட்டுரை பெரும்பாலும் ஓரிரு வேலை நாளில் வெளியாகிவிடும். யார் முந்தினார் என்ற கேள்விக்கு அந்தத் தேதியே சான்று. கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் பகா எண்ணைச் சோதிக்கும் முறையை 2002 ஆகஸ்டில் இணையத்தில் வைத்தார்கள். உலகம் சில நாளிலேயே அதைக் கொண்டாடியது. ‘அனல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸ்’ இதழில் அது அச்சேறியது 2004இல். இணையம் இல்லாத காலத்திலும் இந்த அவசரம் இருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. ராமன், பின்னாளில் ராமன் விளைவு எனப்பட்ட ஒளிச்சிதறலைப் பற்றி 1928 மார்ச் 16 அன்று பெங்களூரில் ஆற்றிய உரையை, தாமே தொடங்கியிருந்த ‘இண்டியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ இதழில் அம்மாத இறுதிக்குள் அச்சிட்டுவிட்டார். அதே விளைவை மாஸ்கோவில் கண்ட லாண்ட்ஸ்பெர்க், மண்டல்ஷ்டாம் ஆகியோரின் கட்டுரை ஜூலையில்தான் வெளிவந்தது. சொந்த இதழ் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, ஆர்க்கைவ் வாய்க்கிறது. பட்டத்துக்கான வெளியீட்டுக் கணக்கில் பொதுவாக அது சேராது என்பதே குறை.

ஆகவே, ஓராண்டுக்குமேல் கையில் இருப்பவர், தம் இதழ் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு அதே நாளில் பிரீபிரிண்டிலும் பதிந்து, கட்டணமில்லாத சங்க இதழுக்கு அனுப்புவதையே பரிந்துரைப்பேன். ஆறு மாதமே இருப்பவர், டெஸ்க் ரிஜெக்டை ஒரு வாரத்தில் சொல்லிவிடும் இதழைத் தேட வேண்டும். விரைவான மறுப்பு அவருக்கு லாபம். கட்டண இதழுக்குப் போயே ஆக வேண்டுமென்றால், நிறுவனம் பணம் கட்டுகிறதா என்று உறுதிசெய்துகொண்டு, சிறப்பிதழ் அழைப்புகளைத் தவிர்த்து, வழக்கமான இதழுக்கே அனுப்புவது நல்லது. தமிழியல், வரலாற்றுத் துறைகளில் சில ஆயிரம் ரூபாய் பெற்று ஒரே வாரத்தில் ‘மதிப்பாய்வு’ முடிக்கும் இதழ்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. 2018 மே மாதம் மானியக் குழு, தான் ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே நாளில் நீக்கியதை நினைவிற்கொண்டால் போதும்.

மூன்று மாதம் கடந்தும் நிலை மாறாவிட்டால், கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டு ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதுவதில் தவறில்லை. அதனால் யாரும் கோபித்துக்கொண்டு நிராகரிப்பதில்லை. பதிலே வராமல் வேறிடம் பார்க்க நேர்ந்தால், கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக இதழிடமிருந்து உறுதி மடல் வந்த பிறகே அடுத்த இதழுக்கு அனுப்ப வேண்டும்.