போஸ்ட்கிரெஸ்: எட்டு ஆண்டு, இரண்டு மேம்படுத்தல், ஒரு புயல்

மொரீஷியஸில் போர்ட் லூயியில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அரிசி, பருப்பு, புளி, தேங்காயெண்ணெய், டின் மீன் என்று தீவு முழுக்க உள்ள சின்னக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் தொழில். இருப்பு, விற்பனை, கணக்கு மூன்றும் எங்களுக்கென்றே எழுதிய ஒரே மென்பொருளில் ஓடுகின்றன. அதற்கு அடியில் இருப்பது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். 2017இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது 9.6ஆம் பதிப்பு. இடையில் 12. இப்போது 16.

போஸ்ட்கிரெஸ் நல்லதா என்று கேட்டால் ஒரு வரியில் ஆமாம் என்று சொல்லிவிடலாம். காசு இல்லை, உறுதியானது, எங்கள் அளவு நிறுவனத்துக்கு வேண்டியதைவிட அதிகமாகவே செய்கிறது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது வேறு. பழைய வசதிகளை அது எப்படி விலக்குகிறது, அந்த நேரத்தில் நம்மைப் போன்றவர்களின் நிலை என்ன ஆகிறது என்பதைத்தான்.

முதலில் அதன் நடைமுறை. ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு, பெரும்பாலும் செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும். ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு திருத்தங்கள் கிடைக்கும், அதன் பிறகு கிடையாது. 9.6க்கு 2021 நவம்பரோடு முடிந்தது, 12க்கு 2024 நவம்பரோடு. இந்தத் தேதிகள் ஆண்டுக்கணக்காக முன்பே தெரிந்தவை. ஒவ்வொரு பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பிலும் இடம்பெயர்வு என்று தனிப் பகுதி உண்டு, பழையதோடு ஒத்துப்போகாத எல்லாம் அங்கே இருக்கும். 12இலிருந்து 16க்குப் போகிறவர் 13, 14, 15, 16 நான்கின் குறிப்பையும் படிக்க வேண்டும். 16ஐ மட்டும் படித்துவிட்டு இறங்கினால் பாதி வழியில் மாட்டிக்கொள்வார்.

எங்கள் முதல் மேம்படுத்தல் 2020 டிசம்பரில், ஆண்டுக் கடைசி விடுமுறையில் நடந்தது. பெரிய பதிப்பு மாற உதவும் கருவியில் முதலில் சோதனை மட்டும் செய்யச் சொல்லலாம். சொன்னதும் மறுத்துவிட்டது. 'ஓஐடி' உள்ள அட்டவணைகள் இருக்கின்றன, இவற்றுக்கு இனி இடமில்லை என்று சொல்லி, பெயர்ப் பட்டியலை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தது. ஓஐடி என்பது ஒவ்வொரு வரிக்கும் தரவுத்தளம் ஒட்டி வைக்கும் மறைவான எண். 2005இல் வந்த 8.1இலேயே புது அட்டவணைகளுக்கு அதைத் தானாக வைப்பதை நிறுத்திவிட்டார்கள். 2019இல் வந்த 12இல் அடியோடு எடுத்தார்கள். 14 ஆண்டு அவகாசம்! ஆனாலும் எங்களிடம் 3 அட்டவணைகளில் அது இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். வவுச்சர்களின் ஸ்கேன் படங்கள் எந்தப் பில்லுக்கு உரியவை என்பதை அந்த மறைவான எண்தான் இணைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்திருந்தால் படங்கள் அனாதையாகியிருக்கும். அட்டவணையில் புதிதாக ஒரு சாதாரண நெடுவரிசை சேர்த்து, எண்களை அதில் நகலெடுத்து, மென்பொருளிலும் மாற்றி, அப்புறம்தான் மேலே போனோம்.

மேம்படுத்தல் முடிந்து வந்த திங்கட்கிழமை காலை எல்லாமே ஆமை வேகத்தில் நகர்ந்தது. காரணம் எளியது. அந்தக் கருவி தரவைக் கொண்டுவந்தது, தரவைப் பற்றிய புள்ளிவிவரங்களைக் கொண்டுவரவில்லை. அவை இல்லாமல் எந்த வழியில் தேடினால் வேகம் என்று தரவுத்தளத்துக்குத் தெரியாது. அனலைஸ் கட்டளையை ஓட்டியதும் சரியாகிவிட்டது. இதெல்லாம் ஆவணத்தில் எழுதியிருக்கிறது, நான்தான் பட்டியலில் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் வந்த 18இல் பெரும்பாலான புள்ளிவிவரங்கள் கூடவே வந்துவிடுகின்றன. பல பேருடைய திங்கட்கிழமையைக் காப்பாற்றும் மாற்றம் இது.

பெயர் மாற்றங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதைக் கண்டு எரிச்சல்படுகிறார்கள். 10ஆம் பதிப்பில் 'எக்ஸ்லாக்' என்ற அடைவின் பெயரை 'வால்' என்று மாற்றினார்கள். ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தவர்களுக்கு வேலை கூடியது உண்மை. ஆனால் டிஸ்க் நிறைந்ததும், 'லாக்' என்று இருப்பதால் வெறும் பதிவுக்கோப்புகள் என்று நினைத்துச் சிலர் அதை அழித்திருக்கிறார்கள். அதில் இருப்பது தரவுத்தளத்தின் உயிர், ஒவ்வொரு மாற்றமும் முதலில் அங்கேதான் எழுதப்படுகிறது. ஒரு பெயர் மனிதர்களைத் தவறு செய்ய வைக்கிறது என்றால் அதை மாற்றுவதுதான் நியாயம் என்று நான் நம்புகிறேன்.

இனி புயல்.

எங்கள் முதன்மை சர்வர் போர்ட் லூயி அலுவலகத்தின் மேல்மாடியில் இருந்தது, சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில். மாற்று சர்வர் கோரமண்டல் கிடங்கில். (ஆமாம், இங்கே கோரமண்டல் என்று ஓர் ஊரே இருக்கிறது. நம் சோழமண்டலக் கரையின் பெயர்தான் கடல் தாண்டி வந்து நிற்கிறது.) முதன்மையில் எழுதுவதெல்லாம் நொடிகளில் மாற்றுக்கு வந்துவிடும். 2023இல் மாற்று இயந்திரம் பழுதாகி, புதிது வாங்கினோம். சென்ட்ஓஎஸ் 7இன் காலம் 2024 ஜூன் 30உடன் முடிகிறது என்று தெரியும். அதனால் புது இயந்திரத்தில் புது இயங்குதளமே போட்டேன். இரண்டு பக்கமும் போஸ்ட்கிரெஸ் 12தான், அதனால் சிக்கல் வராது என்று நினைத்தேன்.

2024 ஜனவரி 15, திங்கட்கிழமை, பெலால் புயல். போர்ட் லூயித் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போன காட்சியை உலகமே பார்த்தது. எங்கள் சர்வருக்குத் தண்ணீர் எட்டவில்லை, ஆனால் கட்டடத்தில் மின்சாரம் போய்விட்டது. கோரமண்டல் இயந்திரத்தை முதன்மையாக உயர்த்தினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரவு போஸ்ட்கிரெஸ் மேல் எனக்கிருந்த மரியாதை இன்னும் கூடியது.

காவடிக்கு இன்னும் பத்தே நாள். அந்த ஆண்டு அது ஜனவரி 25இல் வந்தது, இங்கே அரசு விடுமுறை. காவடி எடுத்து முடித்து வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பிடும் நாள். பருப்பும் புளியும் எண்ணெயும் எல்லாக் கடைக்கும் ஒரே வாரத்தில் வேண்டும். ரோடு திறந்ததும் ஆர்டர்கள் கொட்டின. புதன்கிழமை கிடங்கிலிருந்து போன். பட்டாணிப் பருப்பின் குறியீட்டை அடித்தால் அப்படி ஒரு சரக்கே இல்லை என்று திரை சொல்கிறது. கிடங்குப் பொறுப்பாளர் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கிரியோலில் திரும்பத் திரும்பச் சொன்னார்: "லி லா மெம்!" இங்கேயேதான் இருக்கிறது. அவர் சொன்னது சரி. என் தரவுத்தளம்தான் தவறு.

காத்திருக்க நேரமில்லாததால் பையன்கள் சில சரக்குகளைப் புதிதாகப் பதிவு செய்துவிட்டார்கள். இரட்டைக் குறியீடு கூடாது என்ற விதி இருந்தும் தரவுத்தளம் ஏற்றுக்கொண்டது. அதைக் கேட்டபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அந்த இரவு முழுவதும் ஆயிற்று. இன்டெக்ஸை (வேகமாகத் தேடுவதற்காகத் தரவுத்தளம் வரிசைப்படுத்தி வைத்திருக்கும் பட்டியல்) பயன்படுத்தாதே என்று சொல்லித் தேடினால் சரக்கு கிடைத்தது. இன்டெக்ஸ் வழியாகத் தேடினால் இல்லை. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை போஸ்ட்கிரெஸ் இயங்குதளத்தின் ஜிலிப்சி நூலகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. 2018இல் வந்த ஜிலிப்சி 2.28இல் அந்த வரிசை மாறிவிட்டது. "1-1", "11" இரண்டையும் வரிசைப்படுத்தச் சொன்னால் பழைய இயந்திரம் "11" முதலில் என்கிறது, புதியது "1-1" முதலில் என்கிறது. எங்கள் பழைய குறியீடுகளில் இடைக்கோடு இல்லை, பின்னால் வந்தவற்றில் உண்டு. இன்டெக்ஸ் பழைய வரிசையில் அடுக்கப்பட்டு, பைட்டுக்குப் பைட்டு அப்படியே மாற்று இயந்திரத்துக்கு வந்திருக்கிறது. புது இயந்திரம் அதைத் தன் வரிசைப்படி தேடுகிறது. அகராதியில் எழுத்து வரிசையை மாற்றிக்கொண்டு சொல்லைத் தேடுவது போல. சொல் அங்கேதான் இருக்கும், நாம் வேறு பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்போம்.

எல்லா இன்டெக்ஸையும் புதிதாகக் கட்டும் ரீஇன்டெக்ஸ்தான் மருந்து. ஓட்டினேன். இரட்டைக் குறியீடு இருக்கிறது, கட்ட முடியாது என்று நின்றுவிட்டது. இரட்டையானவை 17. ஒவ்வொன்றுக்கும் எந்தப் பில் எதோடு சேரும் என்று கணக்குப் பிரிவின் அக்காவும் நானும் இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தோம். அவர் மொரீஷியஸ்காரர், மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்தவர். அலுவலகத்தில் எல்லோரிடமும் கிரியோல், என்னிடம் மட்டும் விடாமல் தமிழ். "தம்பி, இது உன் மெஷின் செய்த தப்பா, நம்ம ஆளுங்க செய்த தப்பா?" என்று கேட்டார். "நான் செய்த தப்பு, அக்கா" என்றேன். அதுதான் உண்மை. இரண்டு பக்கமும் ஒரே ஜிலிப்சி வேண்டும் என்ற எச்சரிக்கையை நான் படித்திருக்க வேண்டும். நிறுத்தப்போகிற இயங்குதளத்திலிருந்து விலகுவதாக நினைத்து, பாதியை மட்டும் விலக்கினேன்.

அடுத்த மேம்படுத்தலை நான் தள்ளிப் போடாததற்கும் இதுவே காரணம். 12 இந்த முரண்பாட்டைப் பற்றி வாயே திறக்காது. 15இலிருந்து, தரவுத்தளம் உருவானபோது இருந்த வரிசைப் பதிப்பும் இப்போதைய பதிப்பும் வேறுபட்டால், இணையும்போதே எச்சரிக்கை வரும். 2023இலேயே நாங்கள் 15இல் இருந்திருந்தால் மாற்று இயந்திரத்தை வைத்த முதல் நாளே எனக்குத் தெரிந்திருக்கும். பழைய பதிப்பிலேயே இருப்பது பாதுகாப்பு என்று நினைக்கும் நண்பர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: புதிதில் போகிற வசதிகளைப் பார்த்துப் பயப்படுகிறோம், புதிதில் வருகிற எச்சரிக்கைகள் நம் கண்ணில் படுவதில்லை.

"ஜூன் 30 கணக்கு முடிகிற வரைக்கும் எதையும் தொடாதே" என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் 16க்குப் போனது 2024 ஆகஸ்டில், ஒரு சனிக்கிழமை மதியம் கிடங்கு மூடிய பிறகு. இந்த முறை தரவு முழுவதையும் வெளியே எடுத்து, புது இயந்திரங்களில் திரும்ப ஏற்றினோம். அப்படிச் செய்தால் இன்டெக்ஸ்கள் புதிதாகவே கட்டப்படும். அதற்கு முன் 3 முறை ஒத்திகை. அங்கே கண்டுபிடித்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

இரவு பேக்கப் ஸ்கிரிப்ட் உடைந்தது. அது பயன்படுத்திய 'எக்ஸ்க்ளூசிவ்' பேக்கப் முறை (ஒரு நேரத்தில் ஒரே பேக்கப்தான் ஓட முடியும் என்ற பழைய முறை) 2016இல் 9.6இலேயே விலக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டு, 2022இல் 15இல் போய்விட்டது. பேக்கப் நடுவே சர்வர் விழுந்தால், மிச்சமிருக்கும் ஒரு கோப்பு அதைத் திரும்ப எழவிடாமல் தடுக்கக்கூடும் என்பதுதான் விலக்கியதற்குக் காரணம். ஆண்டுக்கணக்கில் அந்த ஆபத்தோடு ஒவ்வொரு இரவும் ஓட்டியிருக்கிறோம்.

பயிற்சிக்காகப் புதிதாக உருவாக்கிய தரவுத்தளத்தில் மென்பொருளால் ஓர் அட்டவணைகூட உருவாக்க முடியவில்லை, அனுமதி மறுப்பு. 15இலிருந்து 'பப்ளிக்' பகுதியில் எல்லோரும் எதையும் உருவாக்கலாம் என்ற பழைய தாராளம் கிடையாது. ஏற்றிக் கொண்டுவந்த தரவுத்தளத்தில் பழைய அனுமதிகள் அப்படியே இருந்ததால் அங்கே இது வெளியே தெரியவில்லை. நல்ல மாற்றம், பத்து நிமிடத்தில் சரிசெய்தோம்.

கடவுச்சொல்தான் அதிக நேரம் எடுத்தது. 14இலிருந்து கடவுச்சொற்கள் இயல்பாகவே ஸ்க்ராம் என்ற பாதுகாப்பான புது முறையில் சேமிக்கப்படுகின்றன, பழைய எம்டி5இல் அல்ல. கிடங்கில் லேபிள் அச்சடிக்கும் கணினியின் கடவுச்சொல்லை மாற்றினேன், உடனே "அங்கீகார முறை 10 ஆதரிக்கப்படவில்லை" என்று நின்றது. அதில் இருந்த இணைப்பு டிரைவர் 10ஆம் பதிப்புக்கு முந்தியது, ஸ்க்ராம் என்றால் என்ன என்றே அதற்குத் தெரியாது. லேபிள் மென்பொருளை விற்றவர்களிடம் புது டிரைவர் கேட்டால் வாரக்கணக்கில் பதில் இல்லை. அந்த ஒரு பயனருக்கு மட்டும் எம்டி5ஐ விட்டு வைத்தோம்.

சரக்குக் குறியீட்டு நெடுவரிசையை இப்போது 'சி' வரிசைக்கு மாற்றிவிட்டோம். வெறும் பைட் வரிசை. எந்த இயங்குதளம் வந்தாலும் போனாலும் மாறாது. 17இல் இதற்கென்றே தரவுத்தளத்துக்குள்ளேயே ஒரு வரிசை வழங்கி வந்துவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

குறை இருக்கிறதா என்றால், உண்டு. விலக்கப்படவுள்ள வசதிகளில் எவற்றை நீ பயன்படுத்துகிறாய் என்று தரவுத்தளம் தானாகத் தொகுத்துச் சொல்வதில்லை. மேம்படுத்தும் கருவி சிலவற்றைப் பிடிக்கிறது, ஓஐடியைப் பிடித்தது போல. வெளியே கிடக்கும் ஸ்கிரிப்டையும் பழைய டிரைவரையும் அதனால் பார்க்க முடியாது. அதனால் நாங்களே ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம்: தரவுத்தளத்தைத் தொடும் ஒவ்வொரு நிரலும், யார் எழுதியது, எந்த டிரைவர், எந்தக் கணினி. முதல் முறை எழுதியபோது 11 என்று நினைத்தோம். ஒத்திகை முடிந்தபோது 26 இருந்தது. மேம்படுத்தலில் எங்களுக்கு வந்த கஷ்டம் எல்லாமே அந்த 15க்குள் இருந்துதான் வந்தது.

18இல் எம்டி5 கடவுச்சொல் வைத்தால், இது வருங்காலத்தில் நீக்கப்படும் என்று எச்சரிக்கை வருகிறது. போன மாதம் லேபிள் கணினியை மாற்றிவிட்டோம். கடைசி எம்டி5 பயனரை நீக்கிவிட்டுப் பதிவேட்டில் அந்த வரியை அடித்தேன். அடுத்த ஒத்திகை, காவடி முடிந்து பிப்ரவரியில்.