ஒலிம்பிக்கா, கிளப்பா? பார்சிலோனாவும் மார்செய்யும்

விளையாட்டை வைத்து ஒரு துறைமுக நகரத்தை மாற்ற எது நல்ல வழி, ஒலிம்பிக்கா, கிளப்பா? ஸ்பெயினின் பார்சிலோனா 1992 ஒலிம்பிக்கைக் கையில் எடுத்தது. அதுவரை தொழிற்சாலைகளும் ரயில் பாதையும் கடலை மறைத்துக்கொண்டிருந்தன. அவற்றை அகற்றி, போப்லெனோ என்ற கடலோரப் பகுதியில் வீரர்களுக்குக் குடியிருப்பு கட்டினார்கள்; கடற்கரை மக்கள் கைக்கு வந்தது. போட்டி 16 நாளில் முடிந்தது, ஆனால் மணலில் இன்றும் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். செலவுதான் எல்லா ஊருக்கும் கட்டுப்படியாகாது.

பிரான்சின் மார்செய்யில் எல்லாமே கால்பந்து கிளப்தான், 1899-லிருந்து. துறைமுகம் வழியாக வந்து குடியேறிய இத்தாலியர், அல்ஜீரியர், கொமோரோ தீவுக்காரர் என எல்லோரும் வெலோட்ரோம் அரங்கில் வெள்ளை, நீலச் சட்டையோடு ஒன்றாகக் கத்துகிறார்கள். ஐரோப்பிய கிளப்களின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை வென்ற முதல் பிரெஞ்சு கிளப்பும் இதுதான், 1993-ல்.

கடலை மறந்துபோன நகரத்துக்குப் பார்சிலோனா வழி சரி. மனிதர்களைச் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால், நான் யோசிக்காமல் மார்செய் பக்கம்.