நான்-லீக் மைதானத்தில் கேனன் 7டி மார்க் 2 + 70-200 எஃப் 2.8: பல சீசன் ஓட்டிய பிறகு

இங்கிலாந்தின் நான்-லீக் (மேல் நான்கு டிவிஷன்களுக்குக் கீழுள்ள) கால்பந்து ஏப்ரல் கடைசியில்தான் சூடு பிடிக்கும். யார் மேலே ஏறுவது, யார் கீழே இறங்குவது என்று முடிவாகாத ஆட்டங்கள், கம்பிக்கு அந்தப் பக்கம் நெருக்கியடிக்கும் கூட்டம். இதைப் படமெடுக்க ஆயிரக்கணக்கான பவுண்டு கொட்டி 400 மி.மீ. லென்ஸ் வாங்க வேண்டியதில்லை. 2014-ல் வந்த கேனன் 7டி மார்க் 2 கேமரா பாடியும், 2010-ல் வந்த இஎஃப் 70-200 மி.மீ. எஃப் 2.8 (அபெர்ச்சர், அதாவது லென்ஸின் ஒளித்திறப்பு) ஐஎஸ் (நடுக்கத்தடுப்பு) லென்ஸின் இரண்டாம் பதிப்பும் பகல் ஆட்டத்துக்கு இன்றும் தாராளம். இரவு ஆட்டத்தில்தான் வாலாட்டும்.

சிறிய சென்சார் என்பதால் இந்த லென்ஸ் 112-320 மி.மீ. போல வேலை செய்யும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் 200 மி.மீ.-ல் 20 மீட்டர் தூரத்து ஆட்டக்காரர் தலை முதல் பூட்ஸ் வரை சட்டத்தை நிறைப்பார். 50 மீட்டரில் அவர் சட்டத்தின் மூன்றில் ஒரு பங்குதான். வெட்டிப் பெரிதாக்கினால் இணையத்துக்கு ஆகும், அச்சுக்கு ஆகாது. மறுமுனையில், 7 மீட்டருக்குள் ஓடி வந்துவிட்டால் 70-லும் கால் வெட்டுப்படும்.

ஆகவே உட்காரும் இடம்தான் லென்ஸின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. நல்ல இடம் கோல் கோட்டுக்குப் பின்னால், கார்னர் கொடிக்கும் பெனால்டி ஏரியாவுக்கும் நடுவில். அங்கிருந்து பெனால்டி புள்ளி ஏறக்குறைய 30 மீட்டர். பக்கக் கோட்டோரம் போவதென்றால் லைன்ஸ்மேன் ஓடாத பாதியைப் பிடியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் ஒரு பாதியில்தான் ஓடுவார், மற்றது காலி. நிற்காமல் மடக்கு ஸ்டூலில் உட்காருங்கள். கேமரா இடுப்பு உயரத்துக்கு இறங்கினால் பின்னணியில் புல்தரைக்குப் பதில் கூட்டத்தின் முகங்கள் வரும். எஃப் 2.8 இருக்கிறதே, பின்னணி மங்கிவிடும் என்று நம்ப வேண்டாம். 20 மீட்டரில் ஃபோகஸ் ஆழம் சுமார் ஒரு மீட்டர், 40-ல் நான்கு மீட்டருக்கு மேல். நிறுத்தி வைத்த கார்களும் குப்பைத் தொட்டியும் அப்படியே தெரியும். மேட்லாக் டவுன் கிளப்பின் காஸ்வே லேன் மைதானம் போல, மலைமேல் ரைபர் கோட்டை பின்னணியாக நிற்கும் இடத்தில் 70 மி.மீ.கூட நீளம்தான். அதற்கு போன் கேமராவே மேல்.

ஃபோகஸுக்கு ஏஐ சர்வோ (நகரும் ஆளைத் தொடரும் முறை), ஃபோகஸை மட்டும் இயக்கும் பின்புற ஏஎஃப்-ஆன் பட்டன், நடு ஃபோகஸ் புள்ளியோடு சுற்றியுள்ள நான்கு. 65 புள்ளிகளையும் திறந்துவிட்டால் கேமரா முன்னால் குறுக்கிடும் டிஃபென்டரைப் பிடித்துக்கொள்ளும். மெனுவில் கேஸ் 2 (குறுக்கீட்டைப் பொருட்படுத்தாத அமைப்பு) வைத்தால் அந்தத் தாவல் குறையும். புள்ளியைப் பந்தில் வைக்காமல் நெஞ்சில் வையுங்கள். சட்டை எண்ணும் கிளப் சின்னமும் ஃபோகஸுக்கு நல்ல பிடி. ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்கு மேல் போகும்போது நடுக்கத்தடுப்பை அணைத்துவிடலாம். அது ஆட்டக்காரரின் வேகத்தை நிறுத்தாது. மங்கல் தொடர்ந்தால் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்டில் (ஃபோகஸ் பிசகைத் திருத்தும் மெனு) 70-க்கும் 200-க்கும் தனித்தனி மதிப்பு கொடுக்க இடமுண்டு. இந்தப் பாடிக்கு அது பெரும்பாலும் தேவைப்படும்.

சீசன் முழுக்க மிதிபட்டு கோல் முன்னால் புல் போய் மண் பொட்டலாகியிருக்கும். டேக்கிளில் தூசியும் மண்கட்டியும் பறப்பது அழகான படம், ஆனால் அங்கே லென்ஸ் மாற்றினால் சென்சார் பாழ். மூன்று மணி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் ஸ்டாண்டின் நிழல் மைதானத்தின் பாதியை விழுங்கும். வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 100, எஃப் 2.8, 1/3200 போதும். நிழலில் அதே வேகத்துக்கு 800 வேண்டும். வேகத்தையும் அபெர்ச்சரையும் கையால் பூட்டி, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுவதே வழி. எதிரணி முழு வெள்ளைச் சட்டை என்றால் படம் இருண்டு போகும், எக்ஸ்போஷரை +2/3 ஏற்றிக்கொள்ளுங்கள்.

செவ்வாய் இரவு 7:45 ஆட்டம்தான் சோதனை. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்ந்துவிடுவதால், ஏப்ரல் கடைசியில் லண்டன் பக்கம் சூரியன் எட்டு மணி தாண்டித்தான் மறையும். முதல் பாதி அந்தி வெளிச்சம், இரண்டாம் பாதி முழுக்க விளக்கு. நல்ல படங்களை முதல் அரைமணியிலேயே அள்ளிவிட வேண்டும்.

அதன் பிறகு விளக்கின் துடிப்பு. பிரிட்டனின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய மெட்டல் ஹேலைடு விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1/1000-ல் எடுக்கும் தொடர்படங்களில் ஒன்று பளிச், அடுத்தது மங்கல், மூன்றாவது செம்மஞ்சள். மெனுவில் ஆன்டி-ஃபிளிக்கரை இயக்கினால் ஒளி உச்சத்துக்கு வரும் கணம் பார்த்து ஷட்டர் திறக்கும். விலை: பட்டன் அழுத்தியதும் ஒரு சிறு தாமதம், நொடிக்குப் பத்து என்ற வேகத்தில் கொஞ்சம் சரிவு. ஹெட்டருக்குத் தாவும் முன்பே அழுத்தப் பழகிவிட்டால் பிரச்சினையில்லை. கம்பங்கள் குட்டையான மைதானங்களில் கார்னர் பக்கம் இருட்டு. கம்பத்துக்கு நேரான இடத்துக்கு ஆட்டம் வரும்வரை காத்திருங்கள். 1/640, ஐஎஸ்ஓ 6400 இந்த சென்சாரின் எல்லை. அதற்கு மேல் படத்தில் புல் சேறு போலக் குழம்பிவிடும். லென்ஸை 1.4 மடங்கு நீட்டும் எக்ஸ்டெண்டர் மாட்டினால் ஒளி குறைந்து எஃப் 4, எனவே இரவில் அது பையிலேயே கிடக்கட்டும்.

வீட்டு அணியின் செயலாளருக்கு முன்கூட்டியே மெயில் போட்டு அனுமதி வாங்குங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் ஆடினால் படம் வெளியிட விதி உண்டா என்றும் அப்போதே கேட்டுவிடலாம்.

பழைய சரக்கு வாங்குவோர் பார்க்க வேண்டியவை: ஷட்டர் எண்ணிக்கை (மதிப்பிட்ட ஆயுள் 2,00,000), சிஎஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ்) மெமரி அட்டைப் பள்ளத்தில் வளைந்த ஊசி, ஜூம் வளைய ரப்பரின் தளர்வு, ஹுட் இறுக்கமாகப் பூட்டுகிறதா. லென்ஸின் முன்னால் பொருந்துவது 77 மி.மீ. ஃபில்டர், அதையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.