பழைய கிளட்ச் பிளேட்டைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

சங்ககிரியில் ஒரே ஒரு லாரி வைத்து நானே ஓட்டிப் பிழைக்கிறேன். ஈரோடு சத்தி சாலையில் ஒரு பட்டறையில் 38,500 ரூபாய் கொடுத்துக் கிளட்ச் வேலை பார்த்தேன். பதினெட்டாம் நாள் மைசூருக்கு மஞ்சள் மூட்டை ஏற்றிப் போகும்போது, திம்பம் மலையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிட்டது. பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன், அதே வேலை இன்னொரு வண்டிக்கும் நடக்கக் கூடாது.

அந்தப் பட்டறைக்குப் போவதற்கு முன்பு, கோளாறு முதலில் கோபி தாண்டிய சின்ன ஏற்றத்திலேயே தெரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைச்சல் ஏறியது, வண்டியின் வேகம் ஏறவில்லை. இன்ஜினில் இழுவை குறைந்திருந்தால் ஏற்றத்தில் அதன் சுற்றும் சேர்ந்து விழும். சுற்று ஏறி வேகம் மட்டும் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது, அதாவது இன்ஜின் சுற்றைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பிளேட் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். பெடல் ஏறக்குறைய முழுவதும் மேலே வந்த பிறகுதான் கிளட்ச் பிடித்தது. கருகிய வாடையும் வந்தது.

பட்டறைக்காரர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, பிளேட் தேய்ந்துவிட்டது என்றார். அது உண்மைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் முந்தைய பிளேட் போட்டு ஒன்றரை வருடம்கூட ஆகவில்லையே, ஏன் இவ்வளவு சீக்கிரம் போனது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பில் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தார்: கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் கிளட்சை அழுத்தி விடுவிப்பது), கிராங்க் பின்பக்க ஆயில் சீல் (இன்ஜின் ஆயில் கிளட்ச் பக்கம் கசியாமல் தடுக்கும் வளையம்), பிளைவீலை (கிளட்ச் பிளேட் ஒட்டிப் பிடிக்கும் இன்ஜின் சக்கரம்) லேத்தில் போட்ட கூலி, ஆள் கூலி. கழற்றிய சாமான்களைக் கேட்டேன். "பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோமுங்க அண்ணா" என்றார். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும்.

திம்பத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. முதல் கியரில் இன்ஜின் கதறுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் ஆட்கள் நிறைந்த பஸ். கிளீனர் தம்பி குதித்து ஓடிப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தான். 27 வளைவுகள் உள்ள அந்த மலையில் ஏற்றத்தில் மட்டுமல்ல, இறக்கத்திலும் இது ஆபத்து. கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். மாலை 6 மணிக்குமேல் அந்தச் சாலையில் லாரிகளை விடுவதும் இல்லை. வேறு வண்டிக்கு லோடு மாற்றி, என் வண்டியைக் கட்டி இழுத்துப் பண்ணாரிக்கு இறக்குவதற்குள் இருட்டிவிட்டது.

பட்டறைக்குப் போன் செய்தேன். கியர்பாக்ஸே போய்விட்டது, 70,000 ஆகும் என்றார். இதுதான் எனக்கு ஆறவே இல்லை. கியர் என்பது பல்லோடு பல் கோத்துச் சுற்றுவது. கெட்டால் சத்தம் போடும், கியரை விட்டு நழுவி நியூட்ரலுக்கு வரும். கியரில் நின்றுகொண்டே சுற்று மட்டும் ஏறுவது கியர்பாக்ஸின் வேலை அல்ல.

சங்ககிரியில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் கழற்றவில்லை. முதலில் பெடலைக் கையால் அழுத்தி, தொடக்கத்தில் லேசாகப் போகும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தார். அது இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், புது பிளேட்டும் வழுக்கும், சரிசெய்யச் சில நிமிடம் போதும். அடுத்து, கிளட்ச் ஆயில் லைனின் ஏர் எடுக்கும் திருகைத் தளர்த்தினார். லைனில் அழுத்தம் தேங்கியிருந்தால் அத்தோடு வழுக்கல் நின்றுவிடும். இந்த இரண்டு கோளாறும் இல்லை. சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, டாப் கியரில் கிளட்சை மெதுவாக விட்டார். கிளட்ச் பிடித்தால் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு முறைதான் செய்தார், திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட் வெந்துவிடும்.

பிறகுதான் கியர்பாக்ஸை இறக்கினார், என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து. பதினெட்டு நாள் பிளேட் கறுப்பு எண்ணெயில் ஊறியிருந்தது. கியர் ஆயில் என்றால் கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும்; இது இன்ஜின் ஆயில். கிராங்க் பின்பக்க சீல் கல்போல் இறுகிப் போயிருந்தது, அது பழைய சீல். அதன் வழியே கசிந்த ஆயில்தான் பிளேட்டை வழுக்க வைத்தது. பிளைவீலில் சூடேறிய நீலத் தழும்புகளும் மயிரிழை வெடிப்புகளும் அப்படியே இருந்தன. லேத்தில் புதிதாகக் கடைந்த முகத்தில் அவை இருக்காது. கூலி வாங்கிக்கொண்டு இரண்டையும் செய்யவில்லை. சில நூறு ரூபாய் சீலுக்காகப் பட்டறைக்காரர் ஒரு லாரியையும் இரண்டு உயிர்களையும் மலைக்கு அனுப்பியிருக்கிறார்.

போட்டோவோடு பட்டறைக்குப் போய் நின்றேன். சீலுக்கும் லேத் கூலிக்கும் வாங்கியதை மட்டும் திருப்பித் தந்தார். லோடு மாற்றிய செலவு, நான்கு நாள் வாடகை எல்லாம் என் தலையில். பில்லில் கையெழுத்து இல்லாததால் மேற்கொண்டு ஒன்றும் பேச முடியவில்லை.

எண்ணெய் ஊறிய அந்த பிளேட்டும் பழைய சீலும் என் வண்டியின் டூல் பாக்ஸில் இருக்கின்றன. சீல் கசிந்த பிளேட் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்றால், கேட்கும் எந்த டிரைவருக்கும் எடுத்துக் காட்டுகிறேன்.