மொறிஸ் மைனருக்கு இரும்புப் பூட்டா, மறைவுச் சுவிச்சா?

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் மொறிஸ் மைனர் என்ற பழைய கார் வைத்திருந்து, அது களவு போகாமல் காக்க நினைப்பவர்களுக்கு இது. அந்தக் கார்களில் பெரும்பாலானவை ஸ்டியரிங் பூட்டு இல்லாமலே வந்தவை. கடையில் வாங்கி ஸ்டியரிங் வளையத்தில் போடும் இரும்புப் பூட்டு கண்ணில் படும், கள்ளன் தயங்குவான். ஆனால் பழைய ஸ்டியரிங் வளையம் மெல்லியது. அதை வாளால் அறுத்தால் பூட்டும் கழன்றுவிடும், தேடியும் கிடைக்காத வளையமும் போய்விடும்.

கள்ளன் காணாத இடத்தில் வைத்து வயரைத் துண்டிக்கும் மறைவுச் சுவிச்தான் என் தெரிவு. பெற்றோல் பம்பின் வயரில் போட்டால், காபரேட்டரில் மிஞ்சியதை வைத்துக் கார் கொஞ்சத் தூரம் ஓடி ஏ9 வீதியின் நடுவில் நின்றுவிடும். அதனால் எஞ்சினின் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கொயிலுக்குப் போகும் வயரில் போடுங்கள். பம்ப் டிக் டிக்கென்று அடிக்கும், ஸ்டார்ட்டரும் சுற்றும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. பழைய காரின் கோளாறு என்றே கள்ளன் நினைப்பான்.

ட்ரக்டரில் கட்டி இழுத்தால் சுவிச் உதவாது. இரவில் பூட்டையும் சேர்த்துப் போடுங்கள்.